மலைக்கு இந்தப் பக்கம் 18,000, அந்தப் பக்கம் 5,000: ரிப்பேர் மேனுவல் வாங்கினால் தீருமா?

பின்னால் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட செங்கோட்டை நண்பரிடம் இருப்பது 2016 பெட்ரோல் ஸ்விஃப்ட், வாரண்டி முடிந்த வண்டி. புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. மலைக்கு இந்தப் பக்கத்து டீலர் இரண்டு டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), இரண்டு காலிப்பர் (பேடைத் தட்டோடு அழுத்தும் பிடி), பேட் (தட்டில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) செட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். கேரளப் பக்கத்து டீலர் டிஸ்க்கை லேத்தில் போட்டுச் சமமாகக் கடைந்து பேட் மாற்றினால் போதும், 5,000-க்குள் முடியும் என்கிறார். இரண்டுமே அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். வெறுத்துப்போய், ரிப்பேர் மேனுவலை வாங்கி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தேடினால், வெளிநாட்டுத் தளம் டாலரில் சந்தா கேட்கிறது. இங்கே ஒருவர் 300 ரூபாய்க்கு பிடிஎஃப் அனுப்புகிறேன் என்கிறார். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேனுவல் விலையைக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பதுதான். அதற்கு ஆயிரம் பக்க மேனுவல் வேண்டாம். மூன்று நான்கு அளவுகள் போதும், அதில் முக்கியமான ஒன்று உங்கள் வண்டி டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது.

முதலில் மேனுவல் சங்கதி. வண்டியோடு கையில் கொடுப்பது ஓனர்ஸ் மேனுவல். ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், டயர் காற்று, ஃப்யூஸ் எது எங்கே, எத்தனை கிலோமீட்டருக்கு எது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் கம்பெனி தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது பார்ட்ஸ் கேட்டலாக்: ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் போட்ட மாதிரி படம், பக்கத்தில் பார்ட் நம்பர். மூன்றாவதுதான் நீங்கள் தேடும் ஒர்க்‌ஷாப் மேனுவல். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முடுக்குவது, எது தேய்ந்தால் எந்த அளவு வரை விடலாம், எந்த போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, வயரிங் படம், எரர் கோடு வந்தால் எந்த வரிசையில் சோதிப்பது ஆகியவை அதில் இருக்கும். இன்ஜின் ஹெட் இறக்குகிறவருக்கும் வயரிங் கோளாறைத் துரத்துகிறவருக்கும் அது இல்லாமல் ஆகாது. பிரேக் பேட் மாற்றுகிறவருக்கு அதில் இரண்டு பக்கம்தான் பயன்படும்.

விலை ஏன் இப்படி என்றால், ஐரோப்பாவில் ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் உண்டு. மணிக்கணக்கு, நாள்கணக்கு, மாதக்கணக்கு, வருடக்கணக்கு என்று நியாயமான கட்டணத்துக்கு கம்பெனிகள் இணையத்தில் திறந்துவிட வேண்டும். நீங்கள் பார்த்த டாலர் சந்தாவும் அந்த மாதிரி வியாபாரம்தான். தொழிலாக இருபது வண்டி பார்க்கிறவருக்கு அது கட்டுப்படியாகும். ஒரே ஒரு வண்டிக்காரருக்கு ஆகாது. நம் நாட்டில் இதே விஷயம் போட்டி ஆணையத்துக்குப் போய், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். உதிரிபாகத்தையும் ரிப்பேர் தகவலையும் சோதனைக் கருவியையும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றெல்லாம் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். பார்ட்ஸ் இன்று கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. மேனுவலைக் கவுண்டரில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் நிலை வந்தபாடில்லை. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' தளம் ஒன்றைத் தொடங்கியது, கார்களும் அதில் அடக்கம். வாரண்டி விவரமும் சர்வீஸ் தொடர்பும் தேடப் போகலாம். டார்க் (போல்ட்டை முடுக்கும் அளவு) அட்டவணை தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

300 ரூபாய் பிடிஎஃப்பை விட்டுவிடுங்கள். காப்புரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, வருவது பெரும்பாலும் வெளிநாட்டு மாடலுக்கு உரியது. பெயர் ஒன்றாக இருக்கும், இன்ஜின் வேறாக இருக்கும். இடது பக்க ஸ்டியரிங் வண்டி என்றால் வயரிங் போகிற பாதை, பிரேக் பூஸ்டர் இருக்கும் இடம் எல்லாம் மாறிவிடும். வயரிங் பக்கங்களை ஸ்கேன் செய்திருந்தால் கம்பி நிறக் குறியீடு படிக்கவே வராது. தப்பான மேனுவலைப் பார்த்து முடுக்கிய போல்ட்டுக்கு, மேனுவலே பார்க்காமல் கைப்பழக்கத்தில் முடுக்கிய போல்ட் எவ்வளவோ மேல். பிடிஎஃப் என்று சொல்லி, திறந்தால் கம்ப்யூட்டரில் ஏறி உட்காரும் வைரஸ் ஃபைலை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பதில் உருப்படியானது இரண்டு. ஒன்று, ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு கிண்டியில் உள்ள தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் போடும் பாடப் புத்தகங்கள். தமிழிலும் உண்டு, விலை மலிவு, 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் இலவசமாகப் படிக்கவும் முடியும். உங்கள் மாடலுக்கான அளவு அதில் இராது. ஆனால் அளப்பது எப்படி, எந்தக் கருவி, எந்த வரிசை என்பதை மேனுவலைவிடத் தெளிவாகச் சொல்லித் தரும், ஏனென்றால் மேனுவல் ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்காக எழுதியது. இன்னொன்று, பூட்மோ மாதிரியான உதிரிபாகத் தளங்களில் உள்ள கேட்டலாக் படங்கள். ஒரு பாகம் எத்தனை துண்டு, எந்த வரிசையில் உட்காருகிறது, எது தனியாகக் கிடைக்கும், எது முழு செட்டாக மட்டும் வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும். "காலிப்பர் முழுசாத்தான் வரும் சார், சீல் தனியா வராது" என்று கவுண்டரில் சொன்னால் நின்ற இடத்திலேயே சரிபார்க்கலாம்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்க்கில்தான் முதல் சந்தேகம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து பெடலும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். பிரேக்கே பிடிக்காமல் 80, 90-இல் நடுங்கினால் அது வீல் பேலன்ஸ் அல்லது டயர். பிரேக்கைத் தொடவே வேண்டாம். இதில் எது என்று நீங்கள் எழுதியதிலிருந்து ஓரளவுதான் சொல்ல முடியும், இறக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். தென்காசி ரோட்டில் சமதளத்தில் 70-லிருந்து மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் அதே நடுக்கம் என்றால் டிஸ்க் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம்.

'டிஸ்க் பெண்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நிஜத்தில் வளைவது அபூர்வம். நடப்பது இதுதான்: டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) முகத்தில் துரு ஏறியிருக்கும். புளியரைப் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற சாரலில் துருவுக்குக் கேட்கவா வேண்டும். அல்லது பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் அடித்திருப்பார்கள். டிஸ்க் ஒரு நூலளவு சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே கையில் நடுக்கம் தெரியும். புது டிஸ்க் போட்டு ஐயாயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்பி வந்ததென்றால் இதுதான் காரணம்: டிஸ்க்கை மாற்றினார்கள், ஹப்பைச் சுத்தம் செய்யவில்லை. இந்த வேலைக்கு வயர் பிரஷ்ஷும் பத்து நிமிஷமும் போதும், எந்த எஸ்டிமேட்டிலும் இது ஒரு வரியாக வராது.

அளப்பது இப்படி. டிஸ்க்கின் நடுப் பகுதியிலோ ஓரத்திலோ 'மினிமம் திக்னஸ்' என்று சுருக்கெழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். துருவைத் துடைத்தால் தெரியும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை யார் சொன்னாலும் ஓட்டக் கூடாது. புது டிஸ்க்கின் தடிமனுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே இந்த ரகக் கார்களில் வழக்கமாக 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெர்னியரால் அளக்காதீர்கள், வெளி ஓரத்தில் தேயாமல் நிற்கும் உதட்டில் அது உட்கார்ந்து, இருப்பதைவிடத் தடிமனாகக் காட்டும். மைக்ரோமீட்டரை ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். எட்டில் மிகக் குறைந்ததை மினிமத்தோடு ஒப்பிடுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நடுக்கத்தின் அளவு. அடுத்து டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி). வீல் நட்டுகளை வாஷர் போட்டு முடுக்கி, டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிக்க வைத்து, கையால் ஒரு சுற்று சுற்றினால் முள் ஆடும் அளவு ரன்அவுட். 0.10 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கோளாறு உறுதி; 0.05-க்குள் இருந்தால் நிம்மதி. அதிகமாக ஆடினால் உடனே டிஸ்க்கைக் குற்றம் சொல்லாமல், கழற்றி ஒரு ஸ்டட் (வீல் நட்டு ஏறும் போல்ட்) தள்ளிப் போட்டுத் திரும்ப அளக்க வேண்டும். உயர்ந்த இடம் டிஸ்க்கோடு நகர்ந்தால் கோளாறு டிஸ்க்கில். நகராமல் ஹப்பில் அதே இடத்தில் நின்றால் ஹப் அல்லது பேரிங். அப்போது எத்தனை டிஸ்க் மாற்றினாலும் வீண்.

இப்போது உங்கள் இரண்டு எஸ்டிமேட்டுகளையும் பார்க்கலாம். லேத்தில் போடுவது சரியா என்பது கணக்கு. டிஸ்க் 0.8 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, பக்கத்துக்கு 0.3 என்று லேத்தில் 0.6 எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 2-இல் 1.4 போய்விட்டது. மிச்சம் 0.6. சமவெளியில் ஓடும் வண்டிக்கு அடுத்த பேட் செட் வரை தாங்கும். வாரம் இரண்டு தடவை ஆரியங்காவு இறங்குகிற வண்டிக்கு நான் யோசிப்பேன். மெலிந்த டிஸ்க் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது. என் கணக்கு, லேத்துக்குப் பிறகு மினிமத்துக்கு மேல் அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக நின்றால் புதுசு போடுவதுதான். மாற்றினாலும் கடைந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 5,000 எஸ்டிமேட் சரியாக இருக்கலாம், அளந்த எண் இல்லாமல் அதையும் நம்ப முடியாது.

காலிப்பர் இரண்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நடுக்கத்துக்கும் காலிப்பருக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. காலிப்பர் பிடித்துக்கொண்டிருந்தால் அறிகுறியே வேறு: ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும், வண்டி இழுக்கும், உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் குற்றவாளி காலிப்பர் நகர்ந்து போகும் கம்பியான ஸ்லைடு பின்தான். ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் இறங்கி, கிரீஸ் காய்ந்து அந்தப் பின் இறுகிவிடும். பின்னை உருவிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவி, பூட் மாற்றினால் தீரும். சாதா வீல் பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் மட்டுமே முழு காலிப்பர். ஆகவே, "பிஸ்டனைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் பிரேக் ஆயில் மாற்றுவதும் இருந்தால் அதை மட்டும் வெட்டாதீர்கள். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்துவிட்டால் 155-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரையோடு போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது மலைப்பாதை வண்டிக்கு வீண்செலவு கிடையாது.

விலை வித்தியாசத்தில் எல்லைக்கும் ஒரு பங்கு உண்டு, நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரே பார்ட் நம்பருக்கு டப்பா மேல் உள்ள எம்ஆர்பி தென்காசியிலும் கொல்லத்திலும் ஒன்றுதான், வரியும் அதற்குள் அடக்கம். ஊருக்கு ஊர் மாறுவது லேபர். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், இப்போது 18. பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். மற்றபடி பில் வீங்குவது இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் மாதிரி மராமத்துகளால். ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத எதற்கும் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சர்வீஸ் அட்வைசருக்கு மாதக்கடைசி டார்கெட் இருக்கிறது. அவரோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது.

ஜாப் கார்டில் (வண்டி விடும்போது வேலையை எழுதும் தாளில்) 'பிரேக் செக்' என்று எழுத விடாதீர்கள். "70-லிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் தடிமன், ரன்அவுட் அளந்து எழுதித் தரவும், கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, கழற்றிய பாகம் திருப்பித் தரவும்" என்று எழுதி கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பேச்சு மலையாளத்தில் நடந்தாலும் கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும், எண் எந்த மொழியிலும் எண்தான். ஃப்ளோர் டெக்னீஷியனை உட்கார வைத்து வண்டியை நீங்களே ஓட்டிக் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். ஓணத்துக்கு முந்தைய வாரத்திலும் சபரிமலை சீசனிலும் அங்கே வண்டி விடாதீர்கள், யாருக்கும் அளக்க நேரம் இருக்காது. இரண்டு டீலரும் அளந்து தர மறுத்தால் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் உள்ள லேத் பட்டறைக்குப் போங்கள். மேனுவலுக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு பகுதியை அப்படி அளந்து வாங்கக் கொடுத்தாலே போதும்.

காசு வாங்கிக்கொண்டு வேலை சரியாகச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வேலை கேரளத்தில் நடந்திருந்தாலும் கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அங்கே பேசுவது ஜாப் கார்டு, பில், அளவு எழுதிய தாள், கழற்றிய பாகம் இவைதான்.

பேடை நீங்களே மாற்றுவதாக இருந்தால், வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியும், பெயிண்ட்டில் பட்டால் உரித்துவிடும். வீல் நட்டை எதிரெதிராக, இரண்டு தவணையாக, ஓனர்ஸ் மேனுவலில் உள்ள டார்க்கில் முடுக்குங்கள். ஸ்டார்ட் செய்து நகர்வதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள்; இதை மறந்தால் முதல் பிரேக்கே பிடிக்காது. பிறகு சமதள ரோட்டில் 50-லிருந்து 20-க்கு, முழுசாக நிறுத்தாமல், இடையில் ஆற விட்டு இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பேடைப் பழக்குங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு ஆரியங்காவு இறக்கம் வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டாவது கியரில் இறங்குங்கள்.